கயிறு கீறிய கை

அடையாற்று முகத்துவாரத்தில் இப்போதுதான் வெயில் ஏறுகிறது. உடைந்த பாலத்தின் நிழலில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, சிப்பிக் குஞ்சுகள் ஒட்டி வளர்வதற்காகப் பாலத் தூணில் கட்டிவிட்ட தேங்காய் நார்க் கயிற்றை ஜான்சி மேலே இழுக்கிறாள். போன வருஷம் இந்தத் தண்ணீர் பாசி பொங்கிப் பச்சைச் சாயமாகக் கிடந்தது. இரவில் அதே தண்ணீர் நீலமாக மின்ன, பெசன்ட் நகரே வந்து செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போனது. தாய்ச் சிப்பிகள் பிழைத்துக்கொண்டன. அவை விட்ட குஞ்சுகள்தான் ஓடு கட்டுமுன்பே அழிந்துபோயின. கயிறெல்லாம் சோப்புப் போட்டதுபோல வழுவழுவென்று வெறுமையாக வந்தது. இந்த முறையும் அப்படி வந்தால் கயிறுகளை அவிழ்த்துப் போட்டுவிட்டு அடுக்குமாடிகளில் பாத்திரம் தேய்க்கப் போவதாக அவள் சொல்லியிருக்கிறாள். உள்ளங்கை சுரீரென்கிறது. திருப்பிப் பார்க்கிறாள், மெல்லிய சிவப்புக் கோடு.

"இன்னாமே, கண்ணாடி கீறிட்ச்சா?" படகிலிருந்து அவள் புருஷன் லாசர் எழுகிறான்.

அவள் கயிற்றை வெயிலில் தூக்கிப் பிடிக்கிறாள். நார் முழுக்க உளுந்தளவு ஓடுகள், பச்சை விளிம்போடு, இடமில்லாமல் நெருக்கியடித்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சொட்டும் தண்ணீர்கூட மினுங்குகிறது.

"குஞ்சு புட்ச்சிக்கீதுய்யா."

லாசர் படகு விளிம்பில் குனிந்து ஓடுகளை விரலால் தடவிப் பார்க்கிறான். பிறகுதான் அவள் கை ஞாபகம் வருகிறது. "ரத்தம் வருது பாரு. கிளவுஸ் எட்த்துத் தரட்டா?"

"வேணாம். எல்லாக் கயிறும் கீறட்டும்."

உப்புத் தண்ணீரில் கையை அலசுகிறாள். எரிகிறது. சிரித்துக்கொண்டே, அதே கையால் அடுத்த கயிற்றை இறுக்கிப் பிடிக்கிறாள்.