வரப்பில் நிறைசொம்பு

கச்சிராயபாளையத்து உச்சிவெயிலில், வெட்டிப்போட்ட கரும்பின் சோகை காற்றில் சலசலக்கிறது. வரப்பில் வைத்த சொம்பில் தண்ணீர் அப்படியே இருக்கிறது. கரும்பு வெட்டும் சாலம்மாள் அடிவயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு நிமிர்கிறாள். நிலத்துக்காரி பெரியநாயகிக்குப் பொறுக்கவில்லை. “நீர்க்கடுப்புக்குத் தண்ணி ஜாஸ்தியா குடிக்கச் சொன்னாங்க ஆஸ்பத்திரியிலன்னு நீதானடி சொன்ன? குடிக்கிறதுக்கு இன்னா கேடு உனக்கு?” சாலம்மாள், சற்றுத் தள்ளிக் கட்டு கட்டும் ஆண்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறாள். “குடிச்சா ஒதுங்க எடம் வேணுமேம்மா. நேத்து வரைக்கும் கரும்பு மறைப்பா நின்னுச்சு. இன்னிக்கு ரோடு வரைக்கும் வெட்டிட்டோமுங்களே.” பெரியநாயகி கரும்புக் கொல்லையைச் சுற்றிப் பார்க்கிறாள். முழங்கால் உயரத்துக்குக்கூட எதுவும் நிற்கவில்லை. மோட்டார் கொட்டகையை ஒட்டி, அவள் குடும்பத்துக்கென்று கட்டிய கக்கூஸ் மட்டும் வெள்ளையடித்த சுவரோடு நிற்கிறது. கதவில் புதுப் பூட்டு வெயிலில் மின்னுகிறது. வெட்டாட்கள் வந்த அன்று காலையில் அவளே வாங்கிவந்து போட்ட பூட்டு. சாலம்மாளும் அங்கேதான் பார்க்கிறாள். பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் குனிந்து, வெட்டிக் கிடக்கும் கரும்பை எடுத்துச் சோகை கழிக்கிறாள். பெரியநாயகியின் முகம் சுண்டிப்போகிறது. “செத்த நேரம் உக்காந்துட்டு வேலையப் பாரேன்” என்கிறாள், குரல் எழும்பாமல். திரும்பி நடக்கையில் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்குகிறது. சத்தம் வராமலிருக்க, அதை உள்ளங்கையில் இறுகப் பொத்திக்கொள்கிறாள்.