கொடி தூக்கியவரின் கண்

நீதிமன்ற விறாந்தையில் மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை. ஷிஹான் சுவரோடு சாய்ந்து நிற்கிறான். பக்கத்தில், கைவிலங்கோடு ஸியாம். கொட்டாஞ்சேனை மைதானத்தில் நடந்த கால்பந்தாட்டத்தில் ஓஃப்சைட் என்று கொடி தூக்கிய லைன்ஸ்மன் மீது கல்லெறிந்தவன். ஆட்டம் அத்தோடு நின்றுபோனது. ஷிஹானின் மனைவி பஸ்லா பிள்ளைபோல வளர்த்த தம்பி. பஸ்லா மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டதால் பிணை நிற்க ஷிஹான் வந்திருக்கிறான். கல் பட்ட அந்த மனுசனுக்குக் கண் போய்விட்டால் பிணை கஷ்டம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

எதிர் வாங்கில் உட்கார்ந்திருப்பவர் அந்த லைன்ஸ்மன் கிருபாகரன். அவருடைய மனைவி ரதி காயம்பட்ட கண்ணின் கட்டைக் கழற்றி, தலையைப் பின்னால் சாய்த்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். "அது ஓஃப்சைட்தான் ரதி. ஒரு முழம் வெளியில நிண்டவன்." "வாயை மூடிக்கொண்டு இருங்கோ, மருந்து வழியுது." பிறகு அவருடைய நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்தி, மற்றக் கையை முகத்துக்கு நேரே உயர்த்துகிறாள். "எத்தினை விரல்?"

ஸியாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறான்.

"நீ கையைத் தூக்கிட்டியோ?" என்று கேட்கிறார் கிருபாகரன்.

"மச்சான்..." என்கிறான் ஸியாம்.  ஷிஹான் அந்தப் பெண்ணின் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். உயர்த்திய கையை இறக்கி, அவள் சேலைத் தலைப்பால் தன் கண்களைத் துடைக்கிறாள். மறுபடியும் துடைக்கிறாள்.

"பொத்தின கையை எடுமன், ஒண்டும் தெரியேல்ல."

"கொஞ்சம் பொறுங்கோ," என்கிறாள் ரதி, குரல் உடையாமல். தன் முகம் காயும்வரை அவருடைய நல்ல கண்ணைப் பொத்தியே வைத்திருக்கிறாள்.