சீனி முகம்மது கடைப் படி

பாக்கியநாதனின் பலகை வண்டி பாத்திரக்கடையைத் தாண்டிவிட்டது. இனி ஒரே ஒரு படிதான்.

சூலியா தெருக் கடைகளின் முன்னால், கூரைக்குக் கீழே, ஐந்தடி அகல நடைபாதை ஓடுகிறது. ஓடுகிறது என்று பேச்சுக்குத்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கடைக்காரரும் தம் இஷ்டத்துக்குத் தரையை உயர்த்திக் கட்டியதில் கடைக்குக் கடை ஒரு படி.

கால் உள்ளவர்களுக்கு அது ஒன்றுமில்லை.

துறைமுகத்தில் மரப்பெட்டி சரிந்து அவருடைய இரண்டு கால்களையும் கொண்டுபோனது முதல், மைத்துனன் ரேமண்ட்தான் அவரை மாதா கோயிலுக்குத் தூக்கிப் போகிறான். கைக்குழந்தையைப் போல. பூசைக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்க்க.

ஒரு தடவையாவது தானாகப் போய் ஆண்டவர் முன்னால் இருக்க வேண்டும். அந்த ஆசையைச் சொல்லித்தான் கடை கடையாகக் கேட்டார். ஒருவர் படியைச் சரித்து சிமெண்ட் பூசினார். ஒருவர் பலகை போட்டார். சீனத்து அம்மா ஒருத்தி, இவர் பேச்சு ஒன்றும் புரியாமல், சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுநாளே செங்கல் அடுக்கிவிட்டாள்.

அரிசிக்கடை சீனி முகம்மது மட்டும், "பொறுங்கண்ணே" என்றார். சொல்லிவிட்டு அரிசி அளக்கத் திரும்பிவிட்டார்.

பாக்கியநாதன் புரிந்துகொண்டார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் நிறைந்தால் தொழுகை வரிசை அந்தத் தரை வரைக்கும் வரும். கழுவிப் பாய் விரிக்கிற இடம். தெருப்புழுதியில் உருண்ட சக்கரம் அதில் ஏறலாமா? மறுபடி கேட்காமல் இருப்பதே மரியாதை என்று இருந்துவிட்டார்.

போன வாரம் முதல் அந்தப் படியின்மேல் ஈரக் கோணிகள் வேறு கிடந்தன.

இன்று பாஸ்கா ஞாயிறு, ஆண்டவர் உயிர்த்தெழுந்த திருநாள். ரேமண்ட் பின்னாலேயே வந்தான்.

"அந்த ஒரு படிக்கு மட்டும் தூக்கி வச்சிர்றேன் மச்சான். யாரு பாக்கப் போறா லா?"

"நான் பாப்பேன்ல."

கடை முன்னால் வந்ததும் வண்டி நின்றது.

கோணிகளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு சீனி முகம்மது நின்றிருந்தார். படியைக் காணோம். அந்த இடத்தில், ஈரக் கோணிக்கு அடியில் ஒரு வாரம் இறுகிய அகலமான சிமெண்ட் சரிவு, வழுக்காமல் இருக்கக் கோடு கோடாகக் கீறிவிட்டு, கன்றுக்குட்டிகூடத் தயங்காமல் ஏறும் அளவுக்குத் தணிவாக இருந்தது.

ஆண்டவர் யார் கையில் எப்போது கொத்தனார் கரணையைக் கொடுப்பார் என்று யார் கண்டது?

பாக்கியநாதன் இரண்டு கைகளையும் ஊன்றித் தள்ளினார். சக்கரம் ஏறியது. தூக்குவதற்கு நீட்டிய ரேமண்டின் கைகள் நீட்டியபடியே நின்றன. வண்டி தரையில் ஓடி மறுபக்கச் சரிவில் கடகடவென்று இறங்கியது. ரிக்‌ஷாக்காரர்கள் சீழ்க்கை அடித்தார்கள். பாத்திரக்கடைக்காரர் ஒரு தாம்பாளத்தை எடுத்துத் தட்டியே விட்டார்.

தூரத்தில் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.

பாக்கியநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"இம்புட்டு அகலம் எதுக்கு பாய்? என் வண்டிக்கு ஒரு முழம் போதுமே."

"அதுக்குத்தாண்ணே பொறுக்கச் சொன்னேன். தச்சன் நேத்துதான் வேலைய முடிச்சான்."

சொல்லிவிட்டுச் சீனி முகம்மது உள்ளே போனார். அரிசி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து, நான்கு சக்கரம் வைத்த பிரம்பு நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அதில் வெள்ளை முக்காட்டுடன் அவருடைய மனைவி நூர்ஜான் உட்கார்ந்திருந்தார். மடிக்குக் கீழே கால் இருக்க வேண்டிய இடத்தில் போர்வை தட்டையாகத் தொங்கியது. இத்தனை வருஷமாக அவர் வெளியே வராததைக் கோஷா வழக்கம் என்றே தெரு நினைத்திருந்தது.

வெளிச்சம் கூசியதில் கண்களை இடுக்கிக்கொண்டு நூர்ஜான் தெருவை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நீங்க முன்னால உருட்டுங்கண்ணே. நான் பின்னாலயே வர்றேன்."