நான்காம் அதிகாரத்துச் சகோதரி

நிகழ்ச்சி தொடங்கிக் கால் மணி நேரமாகியும் தொலைபேசிப் பலகையில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

"பிரியமானவர்களே, 'வீடெல்லாம் சமாதானம்' நூலை எழுதிய ஐயா நம்ம வானொலி நிலையத்துக்கே வந்திருக்கிறார். உடனே அழையுங்கள்" என்று தொகுப்பாளர் மறுபடியும் கெஞ்சினார். கெஞ்சலுக்கும் ஓர் அளவு உண்டு.

எழுதியவர் எதிரே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புத்தகம் வந்ததிலிருந்து சபையில் எல்லோரும் அவரை 'சமாதானம் ஐயா' என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டார்களே தவிர வாங்கவில்லை. "வானொலியில பேசுங்க, நாலு பேர் கேட்டா கடையில வைக்கிறேன்" என்று புத்தகக் கடைக்காரர் சொல்லிவிட்டார். அதுவரை புத்தகக் கட்டுகளெல்லாம் வீட்டுப் படுக்கையறையில், மனைவி படுக்கும் பக்கமாக அடுக்கிக் கிடந்தன.

அந்த மனைவி அவரோடு பேசி மூன்று வாரம் ஆகிறது.

எல்லாம் நான்காம் அதிகாரத்தால் வந்த வினை. 'எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி, கட்டிலில் கிடக்கும் ஈரத் துண்டுக்காக வீடே அதிரக் கத்துவார். அவருடைய கணவரோ பொறுமையின் சிகரம்' என்று அதில் எழுதியிருந்தார். யார் அந்தச் சகோதரி என்று சபையில் ஒருவரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒருத்தி அவர் மனைவியிடம் கேட்டேவிட்டாள். "என்னக்கா, துண்டு காய்ஞ்சிருச்சா?"

அன்றோடு சரி. சாப்பாடு மேசைக்கு வரும், பேச்சு வராது.

பலகையில் ஒரு விளக்கு எரிந்தது. தொகுப்பாளர் பாய்ந்து எடுத்தார்.

"பேரெல்லாம் வேண்டாங்க. ஒரு சகோதரின்னு வெச்சுக்குங்க."

எழுதியவர் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து கேட்ட குரல், தெரியாமல் போகுமா?

"ஐயாகிட்ட ஒரு சந்தேகம்," என்றாள் அவர் மனைவி, முன்பின் தெரியாதவளைப் போல. "நாலாம் அதிகாரத்துல ஒரு சகோதரி துண்டுக்காகக் கத்துறாங்கன்னு எழுதியிருக்கீங்க. ஏன் கத்துறீங்கன்னு ஐயா அவங்கள ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

"கேட்கலைங்கம்மா."

"கேட்டிருக்கலாம்."

தொகுப்பாளருக்கு இது எதுவும் புரியவில்லை. மூன்றாவது ஆளாக நடுவில் உட்கார்ந்துகொண்டு, "சகோதரி மனபாரத்தோட பேசுறாங்க. ஐயா, அவங்களுக்காக ஒரு ஜெபம் பண்ணிடுங்க" என்றார். அந்த நிகழ்ச்சியில் யார் அழைத்தாலும் ஜெபமில்லாமல் போனை வைக்க விடமாட்டார்கள்.

அவர் கண்ணை மூடினார்.

மேடையில் தண்ணீர்ப் பிரவாகமாக வரும் ஜெபம் அன்று வரவில்லை. துண்டுதான் வந்தது. அது கட்டிலில் கிடக்கிறது. அதைக் காயப்போடும் கொடி மொட்டைமாடியில் இருக்கிறது. மாடிக்குப் போகும் படியில் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறுகிறாள். கையிலிருந்த பேப்பருக்கு மேலாக அவர் அதை எத்தனையோ காலைகளில் பார்த்திருக்கிறார்.

அவளிடம் கேட்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. அவருக்குத் தெரியும்.

"ஆண்டவரே, இந்தச் சகோதரியோட இடது முழங்காலைத் தொடும். மாடிப்படியில அவங்க படுற வேதனை உமக்குத் தெரியும். அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தவங்களை மன்னியும்."

"ஆமென்" என்று சொல்லிக் கண்ணைத் திறந்தபோது தொகுப்பாளர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

"பிரியமானவர்களே, கவனித்தீர்களா? சகோதரி முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலை. கர்த்தர் இந்த நிமிஷம் ஐயாவுக்கு அதை வெளிப்படுத்தியிருக்கார்."

பலகையில் விளக்குகள் மளமளவென்று எரிந்தன. எரியாத விளக்கே இல்லை.

"சகோதரி, நீங்களே சாட்சி சொல்லுங்க. இடது முழங்கால்ல வலி உண்டா, இல்லையா?"

மறுமுனையில் சத்தமே இல்லை.

அவள் 'உண்டு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கட்டுகள் அத்தனையும் படுக்கையறையைக் காலி செய்துவிடும். கடைக்காரர் வீடு தேடி வருவார். அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அவளுடைய கோபத்தை வைத்து ஏற்கெனவே ஒரு புத்தகம் போட்டாயிற்று. இனி அவளுடைய வலியை வைத்து அதை விற்கவும் வேண்டுமா?

"வெளிப்பாடு ஒண்ணும் கிடையாதுங்க," என்றார். "இவங்க என் மனைவி. நாலாம் அதிகாரத்துச் சகோதரியும் இவங்கதான். அந்தத் துண்டு என்னோடது."

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைக்காரரும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். கேட்கட்டும். எழுதியவருக்கு இறுக்கிய செருப்பைக் கழற்றியதுபோல் நிம்மதியாக இருந்தது.

ஒரு விளக்கு மட்டும் அணையவில்லை.

"ஏங்க."

மூன்று வாரமாகக் காணாமல் போயிருந்த 'ஏங்க'. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அவர் கேட்டதும் என்ன சொல்றதுன்னு தெரியாம முழிச்சிட்டு இருந்தேன்," என்றாள். "எனக்கு வலிக்கிறது வலது கால்."