மூன்றாவது கண்ணாடி

"ஏம்மா, நட்சத்திரத்துக்குத் தலை எது, காலு எது? அது நேரா தெரிஞ்சா இன்னா, தலைகீழா தெரிஞ்சா இன்னா?"

கண்ணமங்கலம் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பஞ்சாட்சரம் குரலை உயர்த்திவிட்டார். எதிரே நின்ற கெங்கம்மாள் அசையவில்லை.

"இல்லீங்கய்யா. எனக்கு நேரா தெரியணும்."

அவளுக்கு அமிர்தியில் ஃபாரஸ்ட் நாற்றங்காலில் கூலி வேலை. முதல் பஸ்ஸைப் பிடித்து, ஒரு கூடைப் புளியோடு வந்து இறங்கியிருந்தாள்.

அது ஹாலி வால்வெள்ளி வந்திருந்த வருஷம், பங்குனி மாதம். எழுபத்தாறு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற விருந்தாளி அல்லவா? அதைப் பார்ப்பதற்காகப் பஞ்சாட்சரம் தன் கையாலேயே ஒரு டெலஸ்கோப் செய்திருந்தார். தகரக் குழாய், முன்னால் ஒரு பெரிய லென்ஸ், பின்னால் ஒரு சின்ன லென்ஸ், நிறுத்தி வைக்கச் சவுக்குக் கால்கள். ஊரில் இன்னும் ஒரே ஒரு ஆளாவது தன்னோடு சேர்ந்து வானத்தைப் பார்க்க மாட்டாரா என்பதுதான் அவருடைய ஏக்கமெல்லாம். 'வானம் பார்க்க வாங்க' என்று வாசலில் பலகைகூட மாட்டினார். வந்தவர்கள், "எத்தினி மடங்கு காட்டும்? மெட்ராஸ் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள். எதிர் டீக்கடைச் சடையன் மட்டும் தினமும், "இன்னா வாத்யாரே, மேல பொண்ணு பாத்து முடிச்சாச்சா?" என்று வம்புக்கு இழுப்பான்.

கடைசியில் வந்து வாய்த்தது இவள்.

பாவம், அவரும் எல்லாம் சொல்லித்தான் பார்த்தார். முதலில் வெறுங்கண்ணால் வானத்தைப் பழகிக்கொள்ள வேண்டும், அப்புறம் நிலா, அப்புறம்தான் மற்றதெல்லாம். பெரிதாகக் காட்டுவதைவிட ஆடாமல் நிற்பதுதான் முக்கியம் என்று மூச்சு விடாமல் சொன்னார். அவளும் தலையாட்டிக் கேட்டாள். கேட்டுவிட்டு, "நேரா தெரியுங்களா?" என்றாள்.

"நீயே பாரு!" என்று குழாயைத் தெருக்கோடிக்குத் திருப்பினார்.

குனிந்து பார்த்தவள் அலறிப் பின்வாங்கினாள். "ஐயோ, வேலூர் பஸ்ஸு கவுந்து போச்சுங்க!"

பஸ் சக்கரம் மேலும் கூரை கீழுமாக ஊர்ந்து வந்தது. படியில் தொற்றியிருந்தவர்கள் வௌவால் மாதிரி தெரிந்தார்கள். சடையன் டீக்கடையிலிருந்தே சிரித்தான்.

"பஸ்ஸைப் பாக்கறதுக்கா இதைச் செஞ்சேன்? மேல இருக்கறதைப் பாக்க! எப்பம்மா பாக்கப் போற?"

"வெள்ளிக்கிழமைங்க. விடியறச்சே."

பஞ்சாட்சரத்தின் முகம் மலர்ந்துவிட்டது. வால்வெள்ளி தெரிவதும் விடியற்காலையில்தானே!

"எந்தப் பக்கமா?"

"தெக்காலங்க. மலைக்கு மேல."

"சபாஷ்! அந்தப் பக்கந்தான் கீது. யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"எனக்கே தெரியுங்க."

இப்படிப்பட்ட ஆளை விட மனசு வருமா? ஆனால் அடுத்த பேச்சிலேயே அவள் பழைய இடத்துக்கு வந்து நின்றாள். "நேரா மட்டும் பண்ணிக் குடுத்துடுங்கய்யா."

"அட ராமா! நடுவுல மூணாவதா ஒரு கண்ணாடி போட்டா நேராயிடும். ஆனா வெளிச்சம் கொறஞ்சு மங்கிப்போயிடும். மேல இருக்கறதே புகை மாதிரிதான் இருக்கும், அதையும் கெடுத்துக்கணுமா?"

"கெட்டா கெடட்டுங்க. தலைகீழா பாத்தா மனசு ஆறாது."

"மனசு ஆறாதாம்! கேட்டியாடா சடையா?"

முணுமுணுத்துக்கொண்டே குழாயை அறுத்தார். இன்னொரு துண்டு தகரத்தை ஒட்டவைத்து நீளமாக்கினார். உள்ளே மூன்றாவது லென்ஸைப் பொருத்தினார். திட்டிக்கொண்டே செய்தாலும் கை மட்டும் பதமாகத்தான் வேலை செய்தது. முடிந்ததும் புளிக்கூடையை அவளிடமே தள்ளினார்.

"விக்கறதுக்கு இல்ல. எடுத்துக்கினு போ. சனிக்கிழமை கொண்டாந்து, பாத்ததை எனக்குச் சொல்லு, அது போதும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. சூரியன் பக்கம் திருப்பிடாத, கண்ணு போயிடும்."

"அந்தப் பக்கம் எனக்கு வேலையே இல்லீங்க" என்றாள் கெங்கம்மாள். குழாயைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பஞ்சாட்சரம் மாடியில் வெறுங்கண்ணோடு நின்றார். தெற்கே மலைக்கு மேல் பஞ்சுத் துணுக்குபோல வால்வெள்ளி. அவருக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனாலும் அமிர்திப் பக்கம் இன்னொருத்தியும் இதையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்ததும் நெஞ்சு நிறைந்துபோனது.

சனிக்கிழமை அவள் வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"பாத்தியா?"

"பாத்தேங்க."

"நேரா தெரிஞ்சுதா?"

"நேராதாங்க தெரிஞ்சுது. ஆனா நல்ல நேரத்துல மங்கிப்போச்சு."

பஞ்சாட்சரத்துக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நான் தலைபாடா அடிச்சுக்கினேனா இல்லியா? மூணாவது கண்ணாடி வாணாம், வாணாம்னு! இப்ப இன்னா ஆச்சு? இனிமே எழுபத்தாறு வருஷம் கழிச்சுத்தான்!"

"கண்ணாடி மேல குத்தமில்லீங்கய்யா" என்றாள் கெங்கம்மாள். "புருசன் செத்தப்புறம் மலைக்குக் கீழ இருக்கற ஊரு ஆளைக் கட்டிக்கினேன்னு எங்க மலைச்சனங்க என்னைத் தள்ளி வெச்சுட்டாங்க, எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது, அதான் இந்தாண்ட பாறை மேல நின்னு பாத்தேன். எங்க அண்ணன் வூட்டு வாசல்ல, எம் பொண்ணு கழுத்துல தாலி ஏறச்சே, என் கண்ணுதாங்க நெறஞ்சு மறைச்சுடுச்சு."