தலைவர் சட்டையில் பட்ட கறை

“வெட்டிட்டான்! என்னைய வெட்டிட்டான்!”

நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்தில் அந்தக் குரல் தெரியாதவர் இல்லை. ஒலிபெருக்கி இல்லாமலே மூன்று லயத்து வரிசை வீடுகளுக்குக் கேட்கும். ஆட்கள் ஓடி வந்தபோது தொழிற்சங்கத் தலைவர் ஷெல்டன் தன் வீட்டு வாசலில் நாற்காலியோடு சரிந்து கிடந்தார். வெள்ளைச் சட்டை நெஞ்சிலிருந்து இடுப்புவரை சிவந்திருந்தது.

எதிரே மாணிக்கராஜ். தேயிலை கவ்வாத்து வெட்டிவிட்டு மலையிலிருந்து நேராக வந்தவன், இடுப்பில் கத்தி. அதற்குமேல் விசாரிக்க யாருக்கும் தோன்றவில்லை.

முதல் அடி ஜேசனுடையது. தலைவரின் வலது கை என்று தன்னைச் சொல்லிக்கொள்பவன். இடது கையில் போன் நேரலையில் இருந்ததால் ஒரு கையால்தான் அடிக்க முடிந்தது. மற்றவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. மண்வெட்டிப் பிடி முதுகில் விழுந்தது. பூட்ஸ் கால் விலாவில் இறங்கியது. பல்லொன்று தெறித்து, தரையில் உடைந்து கிடந்த கிளாஸ் சில்லுகளோடு கலந்தது.

“நான் கை வைக்கலீங்க... புது வீட்டு லிஸ்ட்டுல ஏன் எம்பேரு இல்லன்னு மேசையத்தான் தட்டினேன்...”

“வீட்டுக்காக உசிர எடுப்பியாடா நாயே?”

மண் சரிந்ததில் மாணிக்கராஜின் லயத்தில் பாதி போயிருந்தது. லிஸ்ட்டில் முதல் பெயர் தலைவரின் மச்சானுடையது. அவர் பண்டாரவளையில் மாடி வீட்டில் இருக்கிறார். அந்த மாடி இன்னும் சரியவில்லை.

“ஆஸ்பத்திரிக்குப் போவோம் தலைவரே. பொலிசுக்கும் சொல்லிருவோம்.”

“வேணாம்!” தலைவர் துள்ளி எழுந்தார். “எனக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? தெனம் நான் என்னா குடிக்கிறேன்னு ஊருக்கே தெரியும்!”

ஊருக்குத் தெரியும்தான். வாசல் வளைவு முழுக்கப் படர்ந்த சங்குப்பூக் கொடியைப் பற்றி அவர் வாராவாரம் பேஸ்புக்கில் உரையாற்றுவார். நீலச் சாறு நிறைந்த கிளாஸை உயர்த்தி ‘அந்தோசயனின்’ என்று ஆரம்பித்தால், பிரஷர், சுகர், ஞாபகமறதி எல்லாம் வரிசையாக ஓடும். போனை அணைத்தபிறகு புளிப்பு ருசிக்கு இரண்டு தேசிக்காய் பிழிந்துகொள்வார். காலையில் பூப் பறித்துக் கொதிக்கவைத்துப் பிளாஸ்க்கில் ஊற்றி வைப்பது மாணிக்கராஜின் மனைவி மரியகொரட்டி. அதற்குப் பெயர் சங்க சேவை.

மாணிக்கராஜின் மூக்கிலிருந்து ஒழுகிய ரத்தம் சிமெந்துத் தரையில் கறுக்க ஆரம்பித்திருந்தது. தலைவர் சட்டை மட்டும் இன்னும் பளிச்சென்று இருந்தது. பெரிய ஆட்களுக்கு எல்லாமே நல்ல சாமான்தான்.

தலைவர் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி, நெஞ்சில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். தீர்ப்பு என்றால் அவருக்கு மேடைக்குரல் தானாக வந்துவிடும்.

“நான் மன்னிக்கத் தெரிஞ்சவன். இந்த ரத்தத்த இவன் பொண்டாட்டியே கழுவட்டும். கறை போச்சுன்னா இவனும் போகலாம். போகலன்னா, கத்தி புடிச்ச கைய ஒடிங்க.”

கைதட்டினார்கள். இரண்டு பேர் மாணிக்கராஜின் வலது கையைப் படிக்கல்லில் நீட்டிப் பிடித்தார்கள். ஒருவன் இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு மரியகொரட்டி அப்போதுதான் ஓடிவந்தாள். புருஷனின் வாயைப் பார்த்தாள், அலவாங்கைப் பார்த்தாள். சட்டை அவள் முகத்தில் வந்து விழுந்தது. அதை எடுத்து மூக்கோடு சேர்த்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

“பாருங்கடா, மன்னிப்புக் கேட்டு முத்தம் குடுக்குறா!” ஜேசன் போனை அவள் பக்கம் திருப்பினான்.

“சவுக்காரக் கட்டி ஒண்ணு குடுங்க.”

“எத்தன கட்டி தேச்சாலும் தலைவரு ரத்தம் போகாதுடி!”

அவள் சட்டையோடு குழாயடியில் உட்கார்ந்தாள். சவர்க்காரம் பட்ட இடத்தில் சிவப்பு ஊதாவானது. இன்னும் அழுத்தித் தேய்த்தாள்; ஊதா நீலமானது. நுரையும் நீலமாகிக் கல்லில் வழிந்து ஓடியது. வாசல் வளைவில் பூத்திருந்த அதே நீலம்.

அலவாங்கு தூக்கியபடியே நின்றது. நேரலை ஓடிக்கொண்டிருந்தது.

மரியகொரட்டி எழுந்து, சட்டையை ஓர் உதறு உதறித் தலைவருக்கு முன்னால் விரித்துப் பிடித்தாள்.

“பயப்படாதீங்க தலைவரே, தேசிக்கா புழிஞ்சா மறுபடி ரத்தமாயிரும்.”