தச்சர் வாங்காத திருவிருந்து

சத்தியம் பண்ணாதே என்கிறது வேதம். அதனால் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. போன வாரம் நான் விட்ட மீன் கதையை மறந்துவிடுங்கள். இது நிஜம்.

எங்கள் சபையில் ஒரு சட்டம். கோயிலில் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்தைத் தொடர்ந்து மூன்று தடவை வாங்காதவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவோம். பெயர் போனால் அந்த வீட்டுக் கல்யாணம் கோயிலில் நடக்காது.

தச்சர் மூன்றையும் வாங்கவில்லை. அடுத்த மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம்.

கமிட்டி கூடியது. நாங்கள் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். தச்சர் நின்றார்.

“என்ன தம்பி, திராட்சரசம் ஒத்துக்கலையா? சர்க்கரையா?” என்றார் செயலர். வாத்தியாராக இருந்தவர். சிரித்தாலும் அடிக்கிற மாதிரியே இருக்கும்.

எல்லோரும் சிரித்தோம்.

“இல்ல, வெளிய சொல்ல முடியாத வேற விஷயமா?”

“அப்படியெல்லாம் இல்லீங்க. கோபத்துல ஒருத்தர் மனசு நோகற மாதிரி பேசிட்டேன். முதல்ல போய்ச் சமாதானம் ஆகிட்டு, அப்புறம் பந்திக்கு வான்னு ஐயா பிரசங்கத்துல சொன்னாரே.”

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் பிரசங்கத்தை ஒரு ஆள் கேட்டிருக்கிறான் என்பதே அவருக்கு அதிர்ச்சி.

“அப்ப போக வேண்டியதுதானே?” என்றார் செயலர்.

“போனேங்க. ஒன்பது தடவை. உள்ள ஆள் இருக்கு. கதவு திறக்கல.”

“அட, ஒரு வாய் குடிச்சுட்டுப் போறதுக்கு என்னய்யா? யார் பார்க்கப் போறா?”

“பார்க்கிறவர் பார்த்துக்கிட்டுதானேங்க இருக்கார்?”

போதகர் குரலைத் தாழ்த்தினார். “அவர் யாருன்னு சொல்லுங்க. நானே போய்ப் பேசறேன். அவர் ஒரு வார்த்தை சொல்லிட்டா உங்க பேரை அடிக்க வேண்டியதில்ல.”

தச்சர் தரையைப் பார்த்தார்.

“வேண்டாங்க ஐயா. பேரைச் சொன்னா அவருக்கு அசிங்கம். அப்புறம் அதுக்கும் சேர்த்து நான் மன்னிப்புக் கேட்கணும்.”

“பொண்ணு கல்யாணத்தை நெனச்சுப் பாருங்க தம்பி” என்றார் போதகர்.

“அவகிட்ட சொல்லிட்டேங்க. அழுதா.”

செயலர் ஓட்டுக்கு விட்டார். கைகள் உயர்ந்தன. கடைசியாக உயர்ந்தது போதகரின் கை.

தச்சர் கும்பிட்டார். போகிற போக்கில், ஆடிக்கொண்டிருந்த ஒரு நாற்காலியின் காலை அழுத்திச் சரிசெய்துவிட்டுப் போனார்.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. கமிட்டியிலிருந்து ஒருவரும் போகவில்லை.

இதை யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். நாலு பேர் முன்னால் தச்சர் ‘புளுகன்’ என்றது என்னைத்தான். ஒன்பது தடவையும் கதவுக்கு உள்பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் நான்தான்.